முப்பத்தொரு பேருக்கு ஒரு கல்யாண மண்டபம்

எனக்கு ஒரு வியாதி உண்டு. படிவத்தில் எங்காவது ஒரு கட்டம் காலியாக இருந்தால் என் கை சும்மா இருக்காது. இன்சூரன்ஸ் ஏஜெண்ட் அல்லவா, காலிக் கட்டத்தோடு போகிற விண்ணப்பம் போன வேகத்திலேயே திரும்பி வரும். பார்ட்டிக்குத் தன் உயரம் தெரியாவிட்டால் அவரை எழுந்து நிற்கச் சொல்லி, ஏற இறங்கப் பார்த்து, நானே ஒரு உயரத்தைப் போட்டுவிடுவேன். (இதுவரை யாரும் புகார் கொடுத்ததில்லை.) இந்த வியாதி ஒரே ஒரு முறை முற்றிப்போனது. அன்றைக்கு என் குடும்பம் மொத்தமும் வாயைப் பிளந்துகொண்டு ஒரு மண்டப வாசலில் நின்றது.

2008 மே மாதம். எனக்கு இருபத்தாறு வயது. சென்னைக்குப் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு தீம் பார்க் இருந்தது. டிவியில் விளம்பரத்தைப் பார்த்துப் பார்த்து வீட்டுப் பிள்ளைகள் உயிரை வாங்கினார்கள். அங்கே செயற்கை அலை அடிக்குமாம். "கடலூர்ல நெஜ அலையே சும்மா அடிச்சினு கெடக்குது, டிக்கெட் வாங்கினு போயி அலை பாக்கணுமாடா?" என்று கேட்ட பெரியப்பாதான் முதல் ஆளாகத் துணிக்கடைக்குப் போய் முழங்கால் வரைக்கும் ஒரு அரை டிராயர் எடுத்தார்.

கடலூரில் எங்கள் அப்பா பக்கம், சிதம்பரத்தில் அம்மா பக்கம், எல்லாம் சேர்ந்து இருபத்தெட்டு பேர். கூடவே முக்கியமான மூன்று பேர். சிதம்பரத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கும் என் மாமாவின் மகள் கயல்விழிக்கு விருத்தாசலத்தில் ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். பையன் சரவணன், அவனுடைய அப்பா, அரசு ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்த அம்மா தனலட்சுமி. இன்னும் எதுவும் உறுதியாகவில்லை. ரெண்டு வீடும் சும்மா பழகட்டுமே என்று மாமாதான் அவர்களையும் கூப்பிட்டார்.

தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் ஏற்பாடு செய்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழவில்லை, நானே போய் ஏந்திக்கொண்டேன். கயல் சிதம்பரத்திலிருந்து போன் செய்து உதவினாள். யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் கத்திரிக்காய் ஆகாது, யார் வியாழக்கிழமை கவிச்சி தொடமாட்டார்கள் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. கடைசியில் போனை வைக்கும் முன்னால் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "செல்வா மாமா, எனக்கு அவுங்களைப் புடிச்சிருக்கு. நம்ம கூட்டம் எதுனா ஏடாகூடமா பண்ணி வுட்டுறப் போவுது. நீதான் பாத்துக்கணும், அவ்ளோதான்."

"நானிருக்கக் கவலை ஏன்" என்றேன். (சொன்னேன், வேறு யாரும் இல்லை, நானேதான்.)

தீம் பார்க்கிலேயே ரூம் இருந்தது. ஆனால் ரூமுக்கு ரெண்டு பேர். பெரியம்மா கட்டிலில் படுக்கமாட்டார். அப்பாவின் குறட்டைக்குப் பக்கத்தில் படுக்க அம்மாவைத் தவிர ஆள் கிடையாது. சிதம்பரம் சித்தி, கடலூர் சித்தியோடு ஒரே குளியலறையைப் பகிர்ந்துகொள்ள மாட்டார். மூன்று நாள் கட்டம் போட்டுப் பார்த்தேன், கணக்கு உதைத்தது. நாலாவது நாள்தான் மண்டையில் பல்ப் எரிந்தது. கல்யாண மண்டபம்! பெரிய ஹால், ஜமுக்காளம், வரிசையாகக் குளியலறை, சமையற்கட்டு, சமையல்காரர், பந்தி மேஜை. இதைவிட என்ன வேண்டும்? பஸ் ஏறிப் போய், பார்க்குக்குப் பக்கத்து ஊரிலேயே ஒரு மண்டபத்தைக் கண்டுபிடித்தேன்.

மண்டப மேனேஜருக்கு நெற்றி நிறைய விபூதி, முகம் நிறைய இரக்கம்.

"சுபகாரியத்துக்கு மட்டுந்தான் குடுப்போம் தம்பி. டூர் பார்ட்டிக்கெல்லாம் டிரஸ்ட்ல அலவ் பண்றதில்ல."

"சுபகாரியந்தான் சார்" என்றேன். குடும்பத்தோடு ராட்டினம் சுற்றுவது சுபகாரியம் இல்லாமல் வேறென்ன?

அவர் ஒரு படிவத்தை நீட்டினார். மணமகன் பெயர். மணமகள் பெயர். முகூர்த்த நேரம். எல்லாம் காலிக் கட்டம். என் கை அரிக்க ஆரம்பித்தது. சட்டைப் பையிலிருந்து பயணப் பட்டியலை எடுத்தேன். முதல் பெயர் என்னுடையது, செல்வகுமார். ரெண்டாவது பெயர் கயல்விழி. எழுதினேன். முகூர்த்த நேரத்துக்கு என்ன போடுவது? பட்டியலில் '7.30 - 9.00 டிபன்' என்று இருந்தது. அதை அப்படியே எழுதி, 'டிபன்' என்பதை மட்டும் அடித்தேன்.

மேனேஜர் படித்துவிட்டு மெதுவாக நிமிர்ந்தார்.

"அன்னைக்கு முகூர்த்த நாளே இல்லியே தம்பி?"

"அதனாலதான் சார் அந்தத் தேதி."

"மொத்தமே முப்பத்தொரு பேர்தானா? பத்திரிகை?"

"அடிக்கல சார்."

"பொண்ணோட அப்பாவுக்கு விஷயம் தெரியுமா?"

"இன்னும் சொல்லல சார். நேர்ல வந்து பாத்துக்கட்டும்னு வுட்டுட்டேன்."

அவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். கண் கலங்கியிருந்தது. "எங்களுதும் காதல் கல்யாணந்தான். தைரியமா வாங்க. எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்." எனக்கு விஷயம் புரிந்தது. ஆனால் இந்த மனுஷர் என்ன நினைத்தால் என்ன, சாவி கைக்கு வந்தால் போதும் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அந்தத் தலையை இப்போது நினைத்தாலும் நாலு குட்டு வைக்கலாம் போலிருக்கிறது.

குறித்த நாளில் விடிவதற்கு முன் கடலூரிலிருந்து கிளம்பினோம். வேனில் இருபத்தெட்டு பேர். பின்னாலேயே காரில் விருத்தாசலத்தார் மூன்று பேர். ஓட்டல் தட்டில் எவன் எவன் தின்றானோ என்று மாமா தன் கடையிலிருந்து ஸ்டிக்கர் பிரிக்காத முப்பத்தொரு புதுத் தட்டுகளை மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். "எங்கடா தங்கப் போறோம்?" என்று எல்லோரும் கேட்டார்கள். "சஸ்பென்ஸ்" என்றேன், காலை ஆட்டிக்கொண்டே.

சரியாக ஏழரைக்கு வேன் மண்டபத்துக்குள் திரும்பியது. திரும்பியதும் கெட்டிமேளம் கொட்டியது.

நான் முதலில் வேறு மண்டபத்துக்கு வந்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். வாசலில் குலை தள்ளிய வாழைமரம். பந்தலில் தோரணம். நாகஸ்வரம், தவில். ஒரு அம்மாள் (மேனேஜரின் மனைவியாம்) வேனிலிருந்து இறங்கிய ஒவ்வொருவர் மேலும் பன்னீரைத் தெளித்தார். பிள்ளைகள் ஓடிப்போய்க் கல்கண்டை அள்ளினார்கள். பெரியப்பா அரை டிராயரோடு நின்று சந்தனம் பூசிக்கொண்டார். பெரியப்பாவின் கடைசிப் பேத்தி அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றிருந்தாள். முகப்பில் பூவால் ஜோடித்திருந்த தெர்மாகோல் பலகையைப் பார்த்துச் சத்தமாகப் படித்தாள்.

"க-யல்-வி-ழி... செல்-வ-கு-மார்... தி-ரு-ம-ண வி-ழா."

மேளக்காரர்கள் மட்டும் நிறுத்தாமல் வாசித்தார்கள். வேனில் வந்த அத்தனை பேருடைய கண்ணும் பலகைக்குப் போய், கயலுக்குப் போய், கடைசியில் என்மேல் வந்து நின்றது. தட்டு மூட்டை மாமா கையிலிருந்து நழுவி, தவிலுக்கு மேலே சத்தம் போட்டது.

"இன்னாடா இது? யார் வூட்டுப் பொண்ணுக்கு யார்ரா கல்யாணம் பண்றது? பொண்ணப் பெத்தவன், எனக்கே பத்திரிகை வைக்கலியேடா!"

அந்த அதிர்ச்சியிலும் மாமாவுக்குப் பத்திரிகைதான் முதலில் உறைத்தது. பெரியப்பா அப்பாவைப் பிடித்துக்கொண்டார். "சொந்தத் தம்பி மவன் கல்யாணம். டூருன்னு பொய் சொல்லி, அரை டிராயரோட இட்டாந்து நிக்க வச்சிட்டியே!" அப்பா, "சத்தியமா எனக்கும் தெரியாதுண்ணா" என்று தலையிலடித்துச் சத்தியம் செய்தார். அம்மா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணன் மகளே மருமகளாக வந்துவிட்டாள் என்ற ஆனந்தமோ என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

மாமா என் சட்டையைப் பிடித்ததும் மேனேஜர் பாய்ந்து குறுக்கே விழுந்தார். "சார், கை வைக்காதீங்க! ரெண்டு பேரும் மேஜர். நீங்க தடுத்தாலும் இன்னைக்கு இந்தக் கல்யாணம் நடக்கும்!"

"நீ யார்யா நடுவுல?"

"நான் மண்டபத்து மேனேஜர். வாம்மா கயல்விழி, நீ பயப்படாத, என் பின்னால வந்து நில்லு."

காரின் கதவு மூடும் சத்தம் கேட்டது. சரவணன் தோளில் குளியல் துண்டும் கையில் காற்றடித்த டியூபுமாக நின்று பலகையைப் படித்துக்கொண்டிருந்தான். அவன் அப்பா கண்ணாடியைத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு படித்தார்.

கயல் என் அருகில் வந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "ஒண்ணே ஒண்ணுதான மாமா உன்னைக் கேட்டேன்" என்றாள். கண்ணீர் வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக நான் உணர்ந்தது கிடையாது. ஒருத்தியின் கல்யாணத்தை ஒரு பேனாவால் கெடுத்துவிட்டேன்.

மானம் மரியாதை எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு, தனலட்சுமி அம்மா காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். தரையில் கிடந்தபடியே எல்லாவற்றையும் ஒப்பித்தேன். ரூமுக்கு ரெண்டு பேர், அப்பாவின் குறட்டை, சுபகாரியம், காலிக் கட்டம். பையிலிருந்த பட்டியலை எடுத்து நீட்டினேன். "பாருங்கம்மா, முதல் பேரு நான், அடுத்த பேரு கயலு. வரிசையா எழுதிட்டேன், அவ்ளோதாம்மா!"

அந்த அம்மா பட்டியலைப் பார்த்தார். மேனேஜரிடம் படிவத்தையும் கேட்டு வாங்கினார். ஆஸ்பத்திரியில் சார்ட் பார்ப்பது போல ரெண்டையும் நிதானமாகப் படித்தார். பிறகு கணவரிடம் நீட்டினார்.

"இங்க பாருங்க. முகூர்த்த நேரத்துல டிபன்னு எழுதி அடிச்சி வச்சிருக்கு இந்தப் புள்ள."

முதலில் அந்த அம்மாவின் தோள்தான் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தார். "பொய் சொல்லக்கூடத் தெரியாத குடும்பங்க இது. தாராளமா பொண்ணு எடுக்கலாம்" என்றவர், மாமா பக்கம் திரும்பினார். "அண்ணே, மேளம் வந்துடுச்சி. எல போட்டாச்சி. பூவு, பழம் எல்லாம் இருக்குது. புதுத் தட்டு வேற நீங்களே கொண்டாந்துட்டீங்க. ராகுகாலமும் இல்ல. நம்ம புள்ளைங்களுக்கு இப்பவே நிச்சயம் பண்ணித் தட்டு மாத்திக்கலாமா? ஏம்மா கயலு, உனக்கு இஷ்டமா?"

கயல் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "சீப்பு எங்க இருக்குதுன்னு தெரியல அத்தை" என்றாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

என் பெயரை என்ன செய்வது என்று கேள்வி வந்தது. பிய்த்தால் பலகை உடைந்துவிடும் என்றார் மேனேஜர். (அவர் இன்னும் என்னைப் பார்த்துப் பார்த்துக் கண் கலங்கிக்கொண்டிருந்தார், எனக்காக.) சரவணனே ஒரு நாற்காலியைப் போட்டு ஏறி, அலையில் குளிக்கக் கொண்டுவந்த பூப்போட்ட துண்டால் என் பெயரை மூடினான். துண்டு கொஞ்சம் சின்னது. 'குமார்' வெளியே நீட்டிக்கொண்டுதான் இருந்தது.

அப்படியாக, பெரியப்பா அரை டிராயரில் தட்டைப் பிடிக்க, பிள்ளைகள் இடுப்பில் டியூபோடு அட்சதை தூவ, கயலுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. பந்தியில் கேசரி, பொங்கல், வடை, நாலு வகைச் சட்னி. மாமா மூன்று முறை பொங்கல் வாங்கிச் சாப்பிட்டு, கையைக் கழுவிவிட்டு, "கொத்சு இல்ல" என்று என்னை முறைத்தார். மதியத்துக்கு மேல் பார்க்குக்கும் போனோம். வேட்டியோடு சறுக்கில் ஏறக்கூடாது என்று அங்கே சொல்லிவிட்டதால், மாமா பெரியப்பாவின் மாற்று டிராயரைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டார். செயற்கை அலை வந்தபோது சம்பந்தி கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

கயலும் சரவணனும் இன்றைக்கும் விருத்தாசலத்தில் நன்றாக இருக்கிறார்கள். அவர்கள் ஆல்பத்தின் முதல் படத்தில் ஜோடிக்குப் பின்னால் ஒரு பூத்துண்டு தொங்கும், அதன் ஓரத்தில் 'குமார்' என்று நான் எட்டிப் பார்ப்பேன். "செல்வா பெரியப்பா பேரு எதுக்கு இங்க இருக்குது?" என்று அவர்கள் மகள் கேட்கும்போதெல்லாம் வீடே சிரிக்கும். மாமா எந்த விசேஷமானாலும் என்னைக் கண்டதும், "பொண்ணப் பெத்தவனுக்குப் பத்திரிகை உண்டாடா?" என்பார். நானும் சிரிப்பேன். பட்டியலில் அடுத்த பெயர் என்பதால் எழுதினேன் என்று நான் சொன்னதை யாரும் சந்தேகப்படவில்லை.

எனக்குக் கல்யாணமாகிப் பண்ருட்டியிலிருந்து என் மனைவி வந்தாள். முதல் முறை விருத்தாசலம் போனபோது அந்தப் படத்தைக் காட்டினார்கள். கதையைக் கேட்டுவிட்டு எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் அவள்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, அந்த லிஸ்ட்டு வயசு வரிசைல போட்டதா?"

"இல்ல."

"அகர வரிசையா?"

"இல்ல."

"ஊர் வரிசையும் இல்ல. கடலூர்க்காரங்க அத்தினி பேர் இருக்கும்போது சிதம்பரத்துப் பொண்ணு எப்பிடி ரெண்டாவதா வந்தாங்க?"

மண்டப வாசலில் கெட்டிமேளம் கொட்டியபோதுகூட எனக்கு அப்படித் தூக்கிவாரிப் போடவில்லை. அத்தனை வருஷத்தில் ஒருத்தரும் கேட்காத கேள்வி. நானே என்னைக் கேட்டுக்கொள்ளாத கேள்வி. பஸ் நெய்வேலி தாண்டும்வரை யோசித்துவிட்டு, "தெரியல" என்றேன். அதற்குள் என் முகத்திலிருந்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.

அவள் கோபப்படவில்லை. என் கைப்பையிலிருந்த பேனாவை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து என் பாலிசிகளில் 'நாமினி' கட்டத்தை அவள்தான் தன் கையால் நிரப்புகிறாள். எழுதி முடித்துப் பேனாவைத் திருப்பித் தரும்போது ஒவ்வொரு முறையும் கேட்பாள்: "வயசு வரிசையா, அகர வரிசையா?"