காலி டேங்கின் வண்டிக்கு ஒரு நல்ல பம்பு

கிள்ளான் வட்டாரத்திலேயே வண்டி டேங்குக்குள் எண்ணெய் உறிஞ்சும் பம்புகளை அதிகமாகக் கொன்ற மனிதர் ஒருவர் உண்டு. அவருக்குப் பெயர் காலி டேங்க். அப்பா அம்மா வைத்த பெயர் வேறு ஏதாவது இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. தொழில், பிரேத வண்டி ஓட்டுவது. ஷா ஆலம் மின்சுடலைக்குப் போகிற வழியில் உள்ள ஒவ்வொரு பள்ளமும் அவருக்குத் தெரியும். உள்ளே படுத்திருப்பவர் தலை ஆடக்கூடாது என்று ஒவ்வொன்றையும் ஒதுக்கி ஒதுக்கி ஓட்டுவார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கதை புரியாது. தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ஒரு சீனரின் வண்டிச் சாமான் கடையில் கூட்டிப் பெருக்கியவன், இன்று கிள்ளானில் சொந்தமாக இரண்டு கடை வைத்திருக்கிறேன். பழைய வண்டிக்கு ஒரு சாமான் வேண்டும், ஷா ஆலம் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை என்றால், கடைசியில் என்னிடம்தான் அனுப்புவார்கள். கண்ணை மூடிக்கொண்டு கையில் தூக்கிப் பார்த்தே எது அசல், எது போலி என்று சொல்லிவிடுவேன். இதில் எனக்கு அடக்கம் எல்லாம் கிடையாது.

அப்பேர்ப்பட்ட என் கையால் கொடுத்த பம்பைத்தான் அந்த மனிதர் வரிசையாகச் சாகடித்தார்.

காரணம் ஒரு கொள்கை. ஒரு சாவு வீட்டுக்காக ஊற்றிய பெட்ரோல் எண்ணெயை வண்டியில் வைத்துக்கொண்டு இன்னொரு சாவு வீட்டுக்குப் போகக்கூடாது. அந்தந்த வீட்டுக்காரர்கள்தான் ஊற்ற வேண்டும். காரியம் முடிந்ததும் மிச்சத்தை எங்கேயாவது சுற்றித் தீர்த்துவிட்டு, ஆவியோடுதான் வீட்டுக்கு வந்து நிறுத்துவார். ஆவி என்றால் பெட்ரோல் ஆவி. அடுத்த சாவுக்கு ஒரு பாட்டிலிலிருந்து கொஞ்சம் ஊற்றி, எண்ணெய் நிலையம் வரைக்கும் உருட்டிக்கொண்டு போவார்.

"ஏன்யா இப்படிப் பண்றே?" என்று கேட்டேன்.

"அது அந்த வீட்டு அழுகைண்ணே. அதைக் கொண்டுபோய் இன்னொரு வீட்டு வாசல்ல நிறுத்தலாமா? அவங்களுக்கு அவங்க அழுகையே போதும்லா."



நான் சொன்ன பதில் தொழில் பதில். "இங்க பாரு. உன் வண்டிக்குப் பம்பு டேங்குக்குள்ளயே உட்கார்ந்திருக்கு. கரண்டுல சுத்துற சாமான், சூடாகும். சுத்தி இருக்கிற எண்ணெய்தான் அதைக் குளிர வைக்கும். நீ அடி வரைக்கும் உறிஞ்ச விட்டா, அதுவும் வெந்து போகும், அடியில இருக்கிற துருவையும் மண்ணையும் சேர்த்து முழுங்கும். கால் டேங்க் எப்பவும் இருக்கணும்."

"அப்ப மூச்சு முட்டித்தான் சாகுதா?" என்றார், ஏதோ தூரத்துச் சொந்தம் போனதுபோல முகத்தை வைத்துக்கொண்டு.

கல்லாவில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரி கமலம் எப்போதும் அவர் பக்கம். "அவரு செத்தவங்களுக்கு மரியாதை பண்றாரு. நீங்க பம்புக்கு மரியாதை பண்ணச் சொல்றீங்க. வாங்க தம்பி, தே ஓ குடிங்க" என்பாள். பாலில்லாத அந்தத் தேநீரில் அவருக்குச் சீனி குறைவு என்று அவளுக்குத் தெரியும். எனக்குச் சீனியே கூடாது என்பதும் அவளுக்குத்தான் தெரியும். நான் பாதி டம்ளரில் இருக்கும்போது பிடுங்கிவிடுவாள்.

ஒருநாள் அது நடந்தேவிட்டது. கூட்டரசு நெடுஞ்சாலையில், நட்டநடுவில், உள்ளே ஒரு வயதான அம்மா இருக்கும்போது வண்டி இருமியது, குலுங்கியது, நின்றது. பின்னால் வந்த அந்த அம்மாவின் மருமகன்கள் இரண்டு பேருக்கும் பல வருடமாகப் பேச்சு இல்லை. ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்து ஓரத்துக்குத் தள்ளினார்கள். "நீங்க கொஞ்சம் பலமா தள்ளுங்க." "நான் தள்ளிக்கிட்டுத்தான் இருக்கேன், நீங்க பிடிச்சுக்கிட்டு வர்றீங்க." அத்தனை வருடத்துக்குப் பிறகு அதுதான் அவர்கள் பேசிய முதல் பேச்சாம். மோட்டார் சைக்கிளில் போன ஒரு மலாய்க்காரப் பையன் இறங்கிக் கைகொடுத்தான். வேறு வண்டி வரும்வரை காலி டேங்க் பின்கதவைத் திறந்துவைத்து, புல்லில் உட்கார்ந்து, "அம்மா, கோவிச்சுக்காதீங்க, இதோ வந்துரும், இதோ வந்துரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

அன்று சாயங்காலம் கடைக்கு வந்தார். வழக்கமான வம்பை விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணே, சாகாத பம்பு ஒண்ணு கொடுங்க. இனி யாரையும் நான் ரோட்டுல நிறுத்தக் கூடாது. நிறுத்தினா வண்டியை வித்துடுவேன்."

மேசைமேல் மூன்று பம்பை எடுத்து வைத்தேன். முதலாவது பளபளப்பான பெட்டி, மின்னுகிற ஸ்டிக்கர். "தூக்கிப் பாரு. காத்து மாதிரி இருக்கா? உள்ள செம்பு கம்மி. பெட்டிக்குத்தான் செலவு பண்ணிருக்கான். இது வேணாம்." இரண்டாவது, ஜப்பானில் ஓடிய வண்டியைப் பாதியாக வெட்டிக் கப்பலில் அனுப்புவார்களே, அதிலிருந்து கழற்றியது. அசல்தான், ஆனால் எவ்வளவு ஓடியது என்று யாருக்கும் தெரியாது.

அதை அவர் இரண்டு கையாலும் வாங்கி முகர்ந்து பார்த்தார். "இந்த வண்டிக்காரர் இருக்காரா, போயிட்டாரா?"

"நான் என்ன ஜப்பானுக்கு போன் பண்ணியா கேட்பேன்?"

"தெரியாதவங்க சாமானை நான் எப்படிண்ணே போடறது?"

கமலம் சிரித்த சிரிப்பில் கல்லாவே ஆடியது.

மூன்றாவதுதான் நான் முதலிலேயே முடிவு செய்தது. வண்டிக் கம்பெனிக்கே பம்பு செய்து கொடுக்கிறவர்கள், கம்பெனிப் பெயர் போடாமல் விற்பது. கனமாக இருக்கும். அழுத்தமும் அளவும் வண்டி கேட்பதற்குச் சரியாக ஒத்துப்போகும், ஒயர் சொருகும் இடமும் வெட்டி ஒட்டாமல் பொருந்தும். "பம்பு மட்டும் மாத்தினா போதாது. டேங்கைக் கழட்டிக் கழுவணும், வடிகட்டியைப் புதுசா போடணும், ரப்பர் வளையம் மாத்தணும், கரண்டு ஒழுங்கா வருதான்னு பார்க்கணும். பழைய பம்பு ஏன் செத்துச்சுன்னு பார்க்காம புதுசைப் போட்டா அதுவும் சாகும்" என்றேன். நானே நின்று போட வைத்தேன். கால் டேங்க் பேச்சை மறுபடியும் எடுத்தேன். தலையை ஆட்டினார். ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. அடுத்த சாவுக்கும் பாட்டிலோடுதான் போனார்.

கொஞ்ச நாளில் கமலம் போய்விட்டாள். மார்பு வலி என்று கல்லாவிலிருந்து எழுந்தவள், மருத்துவமனை போய்ச் சேரவில்லை.

வண்டி வந்தது. வேறு யாரையும் கூப்பிட எனக்குத் தோன்றவில்லை. காலி டேங்க் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். எண்ணெய் நிலையத்தில் என் பெரிய மகன், "அங்கிள், எவ்வளவு ஊத்தணும்?" என்று கேட்டான். அவர் வழக்கம்போல் தூரத்தை மனதுக்குள் கணக்குப் போட்டு வாயைத் திறந்தார்.

"முழுசா ஊத்து" என்றேன்.

எத்தனை ஆயிரம் பேருக்குப் பம்பைப் பற்றிப் புத்தி சொன்னவன் நான். அந்த வண்டிக்குள் இருந்தது நானே தேர்ந்தெடுத்த பம்பு. ஆனால் அன்று கமலம் உள்ளே இருந்தாள். உலகத்தில் எந்தப் பம்பையும் நான் நம்பவில்லை.

காலி டேங்க் என் முகத்தைப் பார்த்தார். டேங்க் மூடியைத் திறந்துவிட்டார். பெரியவன் வழிகிற அளவுக்கு ஊற்றினான். வண்டி ஒரு குலுங்கல் இல்லாமல் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் சாம்பலைப் போர்ட் கிள்ளான் கடலில் கரைத்துவிட்டு வீடு திரும்பினோம். சொந்தக்காரர்கள் கலைந்தார்கள். சாயங்காலம் வாசலில் ஹார்ன் சத்தம்.

"அண்ணே, ஏறுங்க. அக்கா எண்ணெய் நிறைய இருக்கு. தீர்க்கணும்ல?"

முன்சீட்டில் ஏறினேன். அன்று மட்டுமல்ல, அதன்பிறகு தினமும் சாயங்காலம் வந்தார். பிரிக்பீல்ட்ஸ் போனோம், கல்யாணமான புதிதில் நாங்கள் வாடகைக்கு இருந்த அறை எங்கே என்று தேடினோம்; அங்கே இப்போது ஒரு ஹோட்டல் நிற்கிறது. செந்தூல் போனோம், வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் அவள் பிறந்தது இருந்த இடத்தில் இப்போது கொண்டோ அடுக்குமாடி. நான் பேசிக்கொண்டே வருவேன், அவர் பள்ளத்தை ஒதுக்கிக்கொண்டே ஓட்டுவார். பின்னால் யாரும் இல்லாதபோதும் அப்படித்தான் ஓட்டினார்.

பக்கத்து வீட்டு ஆன்டி தினமும் எங்கள் வாசலில் பிரேத வண்டியைப் பார்த்து நடுங்கிப்போய், ஒருநாள் வேலிக்கு மேலே எட்டி, "ஐயோ, இன்னைக்கு யாரு?" என்று கேட்டார்.

"நான்தான் ஆன்டி, சும்மா ஒரு ரவுண்டு" என்றேன். கமலம் போனபிறகு நான் சிரித்தது அன்றுதான்.

"உனக்கு வேலை ஒண்ணும் வரலையா?" என்று அவரிடம் கேட்டேன்.

"வருது. வண்டி ரிப்பேர்னு சொல்லிட்டேன். அக்கா எண்ணெயோட இன்னொரு வீட்டுக்குப் போக முடியாதுல்ல."

எண்ணெய் முள் கால் டேங்குக்கு இறங்கிய சாயங்காலம் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். இது தீர்ந்தால் அவள் விஷயத்தில் செய்வதற்கு இனி ஒன்றும் இல்லை. ஆனாலும் அவர் கொள்கை அவருக்கு. "ஓட்டிக் காலி பண்ணிடுய்யா. பம்பு போனா போகட்டும், நான் வேற போட்டுத் தரேன்" என்றேன். இந்த வாயால் அப்படிச் சொல்வேன் என்று கடைப் பையன்கள் நம்பமாட்டார்கள்.

அவர் வண்டியை எண்ணெய் நிலையத்துக்குள் திருப்பினார். என்னைப் பணம் எடுக்க விடவில்லை. அந்தக் கால் டேங்குக்கு மேலேயே, சொந்தக் காசில் எண்ணெய் ஊற்றினார்.

"என்னய்யா இது? கலந்துடுச்சே!"

மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார்: "இருக்கட்டும்ணே. வண்டிக்குள்ள பின்னால வர்றவங்க எல்லாரும் தனியாத்தான் படுத்து வர்றாங்க. இனிமே அவங்க கூட அக்கா இருப்பாங்க. யார் வந்தாலும் வாங்கன்னு சொல்ற ஆளு அவங்க." கொஞ்சம் யோசித்து, "பம்புக்கும் நல்லது, நீங்க சொன்னீங்கல்ல" என்றார்.

நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அந்தக் கால் டேங்குக்குக் கீழே முள்ளை அவர் அதன்பிறகு இறங்க விட்டதில்லை. வண்டியும் எங்கும் நின்றதில்லை.

அன்று என்னை வாசலில் இறக்கிவிட்டார். வீடு இருட்டாக இருந்தது. நான் பூட்டைத் திறந்து, உள்ளே போய், சுவிட்சைத் தடவிக் கண்டுபிடித்து விளக்கைப் போட்டேன். அதுவரை வெளியே இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. விளக்கு எரிந்த பிறகுதான் அந்த மனிதர் கிளம்பினார்.