பொறுப்புக்கு விசா வந்த விதம்

“நான் பாத்துக்கறேன்” என்று ஒரு மனித இனம் இருக்கிறது. உங்களுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. குடும்பத்துக்கு ஒருவர் நிச்சயம். அநேகமாக உங்கள் பாஸ்போர்ட்கூட இந்த நிமிடம் அவருடைய அலமாரியில், அவருக்கு மட்டுமே தெரிந்த அடுக்கில்தான் இருக்கும். எல்லாரும் பயணம் கிளம்பினால் எல்லாருடைய டிக்கெட்டையும் வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அதைத் தொட்டுப் பார்ப்பார், தொடும்போதெல்லாம் மற்றவர்களுக்குத்தான் பதைப்பு வரும். மனைவியின் முதுகுவலிக்கு மருத்துவரிடம் போனால், “எங்கேம்மா வலிக்குது?” என்று மருத்துவர் மனைவியைப் பார்த்துக் கேட்டு முடிப்பதற்குள், “இடது பக்கம் டாக்டர், குனியும்போது” என்று இவர் பதில் சொல்லி முடித்திருப்பார்.

வலி வலது பக்கம். அது வேறு விஷயம்.

இவர்கள் கெட்டவர்களா? சேச்சே. தங்கமானவர்கள். அதுதான் சிக்கலே. கெட்டவராக இருந்தால் ஒரு சண்டை போட்டு முடித்துவிடலாம். நமக்காக ராப்பகலாக ஓடுகிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

நான் சொல்லப்போகிறவரை அவர் மனைவி வீட்டார் “பொறுப்பு” என்றே அழைப்பார்கள். பாதி மரியாதை, பாதி கேலி. அவர் முழுவதையும் மரியாதைக் கணக்கில் எடுத்துக்கொண்டார். மின்விசிறி செய்யும் ஒரு தொழிற்சாலையில் நிர்வாக மேலாளர். மனைவி ஒரு பொறியாளர். பாலங்களில் விரிசல் விட்டிருக்கிறதா, உள்ளே ஏதாவது பழுது இருக்கிறதா என்று சோதித்துச் சொல்வது வேலை. கல்யாணமாகி ஒன்பது வருடம். அந்தப் பொறியாளரம்மாவுக்கு வெளிநாட்டில் ஒரு நல்ல வேலை கிடைத்தது. அந்த அம்மாளின் விசாவைக் கம்பெனியே எடுத்துக் கொடுத்துவிடும். கணவர் கூடப் போக வேண்டுமென்றால் அவருக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்கும் கம்பெனியில் ஓர் உதவியாளர் இருக்கிறார், இலவசமாகச் செய்து தருவார் என்று எழுதியிருந்தார்கள்.

“அவங்களுக்கு நம்ம விஷயம் என்ன தெரியும்? நான் பாத்துக்கறேன்” என்றார் பொறுப்பு.

முதல் இடறல் படிவத்தின் தலைப்பிலேயே இருந்தது. அவருடைய கட்டத்துக்கு மேலே “சார்ந்திருப்பவர்” என்று போட்டிருந்தது. வீட்டு வாடகை ஒப்பந்தத்திலிருந்து மாமனாரின் கண் ஆபரேஷன் வரை தன்னைச் சார்ந்து நடந்ததாக நம்பிக்கொண்டிருந்த மனிதர் அந்தச் சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்தபோதும் அது அங்கேயேதான் இருந்தது. சரி, அரசாங்கத்துக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று மன்னித்து, மேலே பூர்த்தி செய்யத் தொடங்கினார்.

பிறகு நடந்ததைச் சாதாரண வேலை என்று சொல்லிவிட முடியாது. ஐந்து நிறத்தில் ஒட்டுத்தாள் வைத்த கோப்பு. பொருளடக்கம். பதினோரு பக்க முகப்புக் கடிதம், அதில் தன் நிர்வாக அனுபவம் பற்றி மட்டும் நான்கு பக்கம். கேட்காத சான்றிதழ்கள், அவற்றுக்கு நகல்கள், நகல்களுக்கு ஓர் அட்டவணை. மனைவியைப் பற்றிய கேள்விகள் மூன்று பக்கம் வந்தன. மனைவி அப்போது பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தார். கேட்டாரா? எதற்குக் கேட்க வேண்டும்? தனக்குத் தெரியாததா?

சேர்ந்து எடுத்துக்கொண்ட புகைப்படங்கள் வேண்டும் என்றிருந்தது. இங்கேதான் ஒரு விசித்திரம் தெரிந்தது. ஒன்பது வருடத்தில் ஆயிரத்துச் சொச்சம் படங்கள். பொறுப்பு இருப்பது ஏழில். எப்படி இருப்பார்? படம் எடுப்பதும் அவர் பொறுப்புதானே. அந்த ஏழிலும் இரண்டில் அவர் விரல் மட்டும். கல்யாணப் படத்தில், பொறியாளரம்மா கேமராவைப் பார்த்துச் சிரிக்க, மாப்பிள்ளை பக்கவாட்டில் திரும்பி, விளக்கை எங்கே வைக்க வேண்டும் என்று யாருக்கோ கைநீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். இருவரும் பரிமாறிக்கொண்ட செய்திகளையும் கேட்டிருந்தார்கள். எடுத்துப் பார்த்தால் “கேஸ் வந்துச்சா”, “கிளம்பிட்டேன்”, “கையெழுத்து போட்டு வை” என்று பக்கம் பக்கமாகப் போனது. படிக்கிறவர் இதை ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் இருவர் என்றுதான் நினைப்பார்.

பொறுப்பு கவலைப்படவில்லை. எல்லாவற்றையும் நிறவாரியாக அடுக்கி அனுப்பினார்.

பொறியாளரம்மாவின் விசா பத்தே நாளில் வந்தது. பொறுப்புக்கு ஏழு வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. கணவன் மனைவி என்ற உறவு உண்மையானது என்று தங்களுக்குத் திருப்தி ஏற்படவில்லை, இருவரின் விண்ணப்பங்களிலும் உள்ள விவரங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, ஆகவே நிராகரிக்கப்படுகிறது.

அப்போது பயணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. பொறியாளரம்மா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, கணவர் தன்னைப் பற்றி எழுதியிருந்ததை முதல் தடவையாகப் படித்தார். பிறந்த ஊர் தவறு. படித்த கல்லூரி சரி, படித்த பாடம் தவறு. கல்யாணம் நடந்த தேதிக்குப் பதில் அதைப் பதிவு செய்த தேதி. வேலை என்ற இடத்தில் நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

“கட்டட மேற்பார்வையாளரா?”

“அவங்களுக்குச் சுலபமாப் புரியட்டும்னு போட்டேன்.”

“ஒன்பது வருஷமா நான் தினமும் எங்க போயிட்டு வர்றேன்னு நினைச்சீங்க?”

அந்த அம்மாள் குரலை உயர்த்தவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் பொறுப்புக்கு நூறு பதில் இருந்தது. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டார். “ஆபீசுக்கு” என்று சொல்ல வாயெடுத்தவர், அது பதிலாகாது என்று தனக்கே தெரிந்து, தண்ணீர்ப் பாத்திரத்தை நகர்த்தி வைத்தார்.

வேலையில் சேரும் தேதியைத் தள்ளிப்போட முடியாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. பொறியாளரம்மா தனியாகவே கிளம்பினார். விமான நிலையத்தில் பொறுப்பு வழக்கப்படி மனைவியின் பாஸ்போர்ட்டைத் தன் பையில் வைத்துக்கொண்டிருந்தார். தடுப்புக்கு அருகில் போனதும் அந்த அம்மாள் கையை நீட்டினார். எடுத்துக் கொடுத்தார். கொடுத்த பிறகு அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

முதல் இரண்டு வாரம் தொலைபேசியில் யோசனைகளாகப் பொழிந்தார். வீடு பார்க்கும்போது தண்ணீர் வரத்தைக் கவனி. பார்த்தாகிவிட்டது. வங்கிக் கணக்குக்கு முகவரிச் சான்று வேண்டும். திறந்தாகிவிட்டது. குளிருக்குக் காதை மூடிக்கொள். குளிரே இல்லை. ஒருவர் உதவியும் இல்லாமல் அந்த அம்மாள் புது ஊரில் வேலை பழகி, பேருந்து எண் பழகி, ஒரு கீரைக்காரியோடு பேரம் பேசும் அளவுக்கு அந்த ஊர் மொழியையும் பழகியிருந்தார். பொறுப்புக்குப் பெருமையாக இருந்தது. அதோடு கூடவே, மாடிப்படி இன்னொன்று இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்து அது இல்லாதபோது வயிற்றில் ஒன்று இறங்குமே, அதுவும் இருந்தது.

மூன்றாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை யோசனைகள் தீர்ந்துபோயின. வேறு ஒன்றும் தோன்றாமல்தான் கேட்டார்.

“இந்த வாரம் வேலையில என்ன பண்ணின?”

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று போனைப் பார்த்தார். பிறகு பொறியாளரம்மா பேச ஆரம்பித்தார். கையில் ஒரு சின்னச் சுத்தியல் இருக்குமாம். பாலத்தின் அடிவயிற்றில் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போவாராம். “டங்” என்று கேட்டால் கான்கிரீட் நன்றாக இருக்கிறது. “டொப்” என்று கேட்டால் உள்ளே எங்கோ விட்டுப்போயிருக்கிறது. கருவிகள் வந்துவிட்டாலும் முதலில் காதுதான். பொறுப்பு இடையில் ஒரே ஒரு தடவை, சுத்தியலுக்கு ரப்பர் பிடி போட்டால் கை வலிக்காதே என்றார். ஏற்கெனவே ரப்பர் பிடிதான் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை. முக்கால் மணி நேரம். அடுத்த ஞாயிறு அவராகவே கேட்டார், “டொப்” என்று கேட்டதாகச் சொன்ன அந்த மூன்றாவது தூண் என்ன ஆயிற்று என்று.

இரண்டாவது விண்ணப்பத்தைக் கம்பெனி உதவியாளரே செய்தார். மொத்தம் ஆறு பக்கம். நிற ஒட்டுத்தாள் கிடையாது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டபோது பொறுப்பு பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். இந்தத் தடவை நேர்காணலுக்கு அழைத்தார்கள்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நடுத்தர வயதுப் பெண் அதிகாரி. பழைய படிவமும் புதிய படிவமும் அருகருகே இருந்தன. மனைவி என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார். பொறுப்பு சுத்தியலில் ஆரம்பித்தார். தூண், மூட்டு, சத்தம் என்று போய், விரல் முட்டியால் கண்ணாடியில் ஒரு தடவை தட்டியும் காட்டிவிட்டார். காவலாளி திரும்பிப் பார்த்தார்.

“நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா?” என்றார் அதிகாரி.

பழைய பொறுப்பாக இருந்தால், “நான்தான் கூடப் போய்ச் சொல்லிக் கொடுத்தேன்” என்றிருப்பார். நாக்கு நுனி வரை வந்ததாகப் பிற்பாடு ஒத்துக்கொண்டார்.

“இல்லைங்க. அவங்க சொல்லிக் கேட்டதுதான். அதுவும் ரெண்டு மாசமாத்தான்.”

“அதுக்கு முன்னாடி?”

“அதுக்கு முன்னாடி நான் கேக்கலைங்க.”

அதிகாரி ஏதோ தட்டச்சு செய்தார். போதும் என்றார். வெளியே வந்த பொறுப்பு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எல்லாம் கெட்டது, தன் வாயாலேயே கெடுத்தாகிவிட்டது என்று நினைத்தார். மூன்றாம் வாரம் விசா வந்தது. ஏன் கொடுத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. என் ஊகம் இது: போலிக் கணவர்கள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். ஒன்பது வருடம் மனைவியை ஒரு கேள்விகூடக் கேட்காதவர் அசல் கணவராகத்தான் இருக்க முடியும்.

திருந்திவிட்டாரா என்கிறீர்களா? விமானத்தில் பக்கத்து இருக்கைப் பெரியவரின் வருகைப் படிவத்தை அவர் கேட்காமலே வாங்கிப் பூர்த்தி செய்தார். பிறந்த தேதியை மட்டும் அவரிடம் கேட்டுக்கொண்டார். முன்னேற்றம்தான்.

புது ஊருக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்பிய மனைவியோடு பேருந்து நிறுத்தம் வரை நடந்தார். இன்றைக்கு எந்தப் பாலம், எத்தனை தூண், கூட யார், எத்தனை மணிக்குச் சாப்பாடு என்று மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டே வந்தார். பொறியாளரம்மா பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில், “என்னங்க, மிச்சத்தை வந்து சொல்றேன், பஸ் போயிடும்” என்றார். பஸ் போயேவிட்டது. அடுத்தது வர இருபது நிமிடம். இருவரும் நிழல்கூரைக்குக் கீழே உட்கார்ந்து மிச்சத்தைப் பேசினார்கள்.

இவ்வளவு நேரமும் உங்கள் மைத்துனரையோ மேல்வீட்டுக்காரரையோ நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். நல்லது. ஒரே ஒரு கேள்வி: உங்கள் வீட்டில் இருக்கிறவர் நேற்று வேலையில் என்ன செய்தார்? அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள்.

“அதெல்லாம் எனக்குத் தெரியும்” என்கிறீர்களா? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் முதலில் குறித்துக்கொள்வது அதைத்தான்.