தனேஸ்வரன் எழுத்து சரிபார்த்த கதை

தமிழ் ஒழுங்காகத் தெரிகிறதா என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என மலாயில் சொல்லிவிட்டு, கடைக்காரர் லியோங் அந்தச் சிலேட்டு மாதிரியான கருவியைத் தனேஸ்வரனின் கையில் கொடுத்தார். தனேஸ்வரனுக்கு நெற்றி வியர்த்தது. இத்தனைக்கும் ஈப்போ நகரத்திலேயே அந்தக் கடையில்தான் ஏர்கோன் குளிர் எலும்பைத் துளைக்கும்.

கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். திரையை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். தலையைச் சாய்த்து இன்னொரு முறை பார்த்தார். நடுவில் பெரிய பண்டிதர் மாதிரி "ம்ம்ம்" என்று ஒரு சத்தமும் கொடுத்தார். பிறகு, எழுத்தெல்லாம் உருண்டையாக, லட்சணமாக இருக்கிறது, கட்டிக்கொடுங்கள் என்றார்.

விஷயம் இதுதான். தனேஸ்வரனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

பேச விட்டால் எதிராளி எழுந்து ஓடும் வரை பேசுவார், அது வேறு. அவருடைய அப்பா பத்து காஜா ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிப் பால் எடுத்தவர். மகன் ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் அரசாங்கக் கிராணி ஆக வேண்டும் என்று மலாய்ப் பள்ளியில் போட்டார். மகனும் சொன்னபடியே கிராணி ஆனார். இன்று தாமான் குடியிருப்பில் யாருக்கு மலாயில் மனு எழுத வேண்டுமென்றாலும் தனேஸ்வரன் வீட்டு வாசலில்தான் செருப்பு கிடக்கும். தமிழ் எழுத்து மட்டும் அவருக்கு வாசலில் போட்ட கோலம். அழகாக இருக்கிறது என்று சொல்லலாம், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இது மனைவி புனிதாவுக்குத் தெரியும். கல்யாணமான புதிதிலேயே, கோயில் விழா அழைப்பிதழைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தவரைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள். மகள் கவிநயாவுக்கு மட்டும் தெரியாது. தெரியவே கூடாது என்பதில் தனேஸ்வரன் பிடிவாதமாக இருந்தார். அவள் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறாள். பள்ளிக்கூடத்துக்குப் போவது வருவதெல்லாம் புனிதா. ரிப்போர்ட் கார்டில் கம்பீரமாகக் கையெழுத்துப் போடுவது மட்டும் தனேஸ்வரன்.

கவிநயா ஒரு புத்தகப் பைத்தியம். பள்ளி நூலகத்திலிருந்து கட்டுக் கட்டாகக் கதைப்புத்தகம் தூக்கிக்கொண்டு, பை கனத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் வீட்டுக்கு வருவாள். சாயங்காலம் குளித்துவிட்டு நேராக அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உரக்கப் படிக்க ஆரம்பிப்பாள். சிங்கத்துக்கு ஒரு குரல், கிழவிக்கு ஒரு குரல். தனேஸ்வரன் உடனே டிவியை அடைத்துவிடுவார். பந்தாட்டம் ஓடினாலும் அடைத்துவிடுவார். குழந்தையின் ஆர்வத்தைக் கெடுக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. கதை சோகமாக முடிந்தால் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வருவார். ஆபீஸில் தூசி அதிகம், கண் எரிகிறது என்பார்.

இப்படிப்பட்ட பிள்ளைக்குப் பிறந்தநாள் வருகிறது. முதுகு ஒடியச் சுமக்காமல், ஆயிரம் புத்தகம் ஒரே கருவியில் இருந்தால் எப்படி இருக்கும்? தனேஸ்வரன் முடிவு பண்ணிவிட்டார். இ-ரீடர். அதையும் தன் கையால், தானே தேர்ந்தெடுத்து.

அன்று மாலை புனிதா டியூட்டி முடிந்து வந்ததும், உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். அவள் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

"என்னங்க, இது தெலுங்கு."

அவள் பிறந்து வளர்ந்தது தெலுக் இந்தான். பக்கத்து வீடே தெலுங்கு வீடு, அவர்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையெல்லாம் இப்படித்தான் இருக்கும் என்று உறுதியாகச் சொன்னாள். சொல்லிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் தனேஸ்வரன் முன்னெச்சரிக்கையோடு போனார். மகளின் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு, லியோங் கொடுத்த அடுத்த கருவியின் பக்கத்தில் வைத்து, தொலைந்த சாவிக்கு ஜோடி தேடுவது போல எழுத்தெழுத்தாகப் பொருத்திப் பார்த்தார். அது இருக்கிறது, இதுவும் இருக்கிறது. நடுநடுவே சின்னச் சின்னச் சதுரங்கள் இருந்தன. தமிழில் பாதி எழுத்து சதுரம்தானே என்று அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"இதெல்லாம் எழுத்தே இல்லைங்க" என்றாள் புனிதா. "எழுத்து வராத இடத்துல கட்டம் போட்டிருக்கு. படிச்சா திக்குவாய் மாதிரி இருக்கு."

மூன்றாம் முறை அவரைத் தூரத்தில் கண்டதுமே லியோங் கதவைச் சாத்தலாமா என்று யோசித்திருக்க வேண்டும். ஆனாலும் நல்ல மனுஷன். இருப்பதிலேயே பெரிய கருவியை எடுத்துக் கொடுத்து, இனிமேல் வந்தால் தயவுசெய்து உங்கள் மனைவியோடு வாருங்கள் என்று கும்பிட்டு அனுப்பினார்.

இதில் தமிழ் சுத்தமாக வந்தது. புனிதாவே சொல்லிவிட்டாள். ஆனால் சும்மா இருப்பாளா?

"நேரா அவகிட்ட சொல்லிருங்களேன், அப்பாவுக்குத் தமிழ் வாசிக்க வராதுன்னு. வானமா இடிஞ்சு விழுந்துரும்?"

"முடியாது லா" என்றார் தனேஸ்வரன். "எம் மக கண்ணுக்கு நான் எல்லாம் தெரிஞ்ச அப்பா. அது ஒண்ணுதான் எங்கிட்ட இருக்கு. அதைக் கெடுத்துறாத."

அவர் குரல் உடைந்ததைக் கேட்டு புனிதா மேற்கொண்டு கேலி பண்ணவில்லை.

பிறந்தநாள் வரை கருவியை எங்கே ஒளிப்பது? அலமாரி ஆபத்து. தனேஸ்வரன் தீர யோசித்து அரிசி டின்னுக்குள் புதைத்தார். அந்த வீட்டில் அரிசி அளந்து போடுவது கவிநயாவின் வேலை என்பது அவருக்கு மட்டும்தான் தெரியாது. அரை மணி நேரத்தில் பிள்ளை அரிசி உதிர உதிர அதைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றது.

"ப்பா, இது யாரோடது?"

தைப்பிங்கில் இருக்கும் சிநேகிதர் சன்னாசி, தன் மகளுக்காக வாங்கி வைக்கச் சொன்னார் என்று வாயில் வந்ததைச் சொன்னார். சன்னாசிக்கு இரண்டும் பையன்கள். பொய்யோடு நிறுத்தியிருக்கலாம். நம்ப வைக்க வேண்டுமே என்ற பதற்றத்தில், இதில் வாசிப்பது எவ்வளவு சுலபம் தெரியுமா, இதோ அப்பாவே வாசித்துக் காட்டுகிறேன் என்று கருவியை வாங்கிவிட்டார்.

கவிநயா பதறிப்போய், "வேணாம்ப்பா, இருட்டா இருக்கு, கண்ணு வலிக்கும்" என்றாள்.

தனேஸ்வரனா கேட்பார்? போன வாரம் அவள் படித்த கதை மனதில் அப்படியே இருந்தது. முடி வெட்டிக்கொள்ளப் போன யானையின் கதை. திரையில் கண்ணை ஓட்டியபடி அதை ஆரம்பித்தார். நாவிதருக்கு ஒரு குரல், யானைக்கு ஒரு குரல். சரியான இடத்தில் நிறுத்தி, மூச்சு வாங்கி, விரலால் பக்கம் கூடத் தள்ளினார். கவிநயா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு கடைசி வரை கேட்டாள்.

"சூப்பரா வாசிச்சீங்கப்பா" என்று சொல்லிவிட்டு, சன்னாசி மாமா மகளுக்குக் கொடுக்க வண்ணக் காகிதம் எடுத்துவரப் போனாள்.

புனிதா வந்து திரையை எட்டிப் பார்த்தாள். "பேட்டரி தீரப் போகிறது, சார்ஜ் போடவும்" என்று மட்டும் அதில் இருந்தது. நல்ல வேளை, பிள்ளை கதையில் மூழ்கிவிட்டதால் கவனிக்கவில்லை என்று தனேஸ்வரன் நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

இனி மிச்சம் ஒரே வேலை. அவளுக்குப் பிடித்த கதைகளாகப் பார்த்துக் கருவியில் ஏற்ற வேண்டும். அவளிடமே கேட்டால் குட்டு உடையும். பள்ளி நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் திவ்யதர்ஷினி டீச்சரைக் கேட்டால் தெரியும். ஆபீஸில் பாதி நாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினார். வழி நெடுக ஒரே பயம்தான். டீச்சர் ஒரு புத்தகத்தை நீட்டி, முதல் பக்கத்தைப் படித்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டால்? கவிநயாவின் அப்பாவுக்குத் தமிழ் தெரியாது என்று பள்ளிக்கூடமே பேசுமே. மகள் தலை குனிந்து நடப்பாளே. நூலகக் கதவைத் திறக்கும்போது தனேஸ்வரனுக்கு அந்த அபாரமான யோசனை உதித்தது.

"நான் கவிநயாவோட மாமா" என்றார். "தைப்பிங்லேர்ந்து வாரேன்."

டீச்சர் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். தனேஸ்வரன் கருவியை மேஜைமேல் வைத்து விவரமாகச் சொன்னார். தங்கச்சி மகளுக்குப் பிறந்தநாள், புத்தகம் என்றால் அவளுக்கு உயிர், சோறு தண்ணி வேண்டாம், புத்தகம் ஒன்று போதும், நூலகத்தையே காலி பண்ணுகிறவள், அவளுக்கு எந்த மாதிரிக் கதை பிடிக்கும் என்று டீச்சர்தான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, பெருமை தாங்காமல் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

டீச்சர் அவரை விசித்திரமாகப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"கவிநயாவுக்கா? புத்தகத்தைத் திறந்தாலே அவளுக்குக் கொட்டாவி வந்துரும் சார், பிள்ளைக்கு எந்நேரமும் பேட்மிண்டன்தான். அவங்க அப்பாவுக்குத்தான் கதைன்னா உசுராம், பாவம், தமிழ் படிக்க வராதாம், அதை வெளிய சொல்லவும் வெக்கமாம், அதனால தெனம் அவதான் வாசிச்சுக் காட்டணுமாம், பேய்க்கதை மட்டும் குடுத்துறாதீங்க டீச்சர், அப்பா பயந்துக்குவாருன்னு சொல்லிச் சொல்லித்தான் எடுத்துட்டுப் போவா."