நாற்பது ஜோடி செருப்பும் என் ப்ராஜெக்ட்டும்

நேத்து காலையில எனக்கு ஒரே ஒரு வேலைதான்.

பாளையங்கோட்டையில ஒரு ஆஸ்பத்திரி. அங்க ரத்தம் எடுக்கிற லேப் வாசல்ல ஜனங்க எவ்வளவு நேரம் காத்துக் கிடக்காங்கன்னு பார்த்து, அதைக் குறைக்க ஏதாவது செஞ்சு காட்டணும். எட்டரைக்கு எங்க புரொபசர் வந்து பார்த்துக் கையெழுத்து போடுவாரு.

நான் படிக்கிறது ஆஸ்பத்திரி நிர்வாகம். கடைசி செமஸ்டர். ஏற்கெனவே ரெண்டு ப்ராஜெக்ட்டை, "இதுல நீ என்னம்மா செஞ்ச?"ன்னு கேட்டுத் திருப்பிக் குடுத்துட்டாரு. இதுவும் போச்சுன்னா இன்னொரு வருஷம் படிக்கணும். படிச்சாக்கூடப் பரவாயில்ல, எங்க மாமாவுக்கு இன்னொரு வருஷம் விளக்கம் சொல்லணும்!

"டாக்டருக்குப் படிக்கியோ?"

"இல்ல மாமா."

"அப்ப நர்ஸா?"

"இல்ல மாமா, ஆஸ்பத்திரிய நிர்வாகம் பண்ணுதது."

"அதுக்குத்தான் மொதலாளி இருப்பாரே!"

இவர்கிட்ட இன்னொரு வருஷமா? என்னால ஆகாது.

ஆறு மணிக்கே போயிட்டேன். லேப் ஜன்னல் ஏழு மணிக்குத்தான் திறக்கும். உள்ள என் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி செல்வி இருந்தா. அவ லேப் டெக்னாலஜி கடைசி வருஷம், அங்கேயே ட்ரெய்னிங். புது ஊசியை எடுத்து வைக்கிறது, ரத்தம் பிடிக்கிற குழாயை அடுக்குறதுன்னு எந்நேரமும் வேலையில இருப்பா. என்னைப் பார்த்தா மட்டும் சிரிப்பா.

ஜன்னல்ல இருந்து வராந்தா முழுக்க செருப்பு. ஆளைக் காணோம். வெறும் வயித்துல சுகர் பார்க்க வந்தவங்க எல்லாம் வெளிய வேப்பமரத்தடியில உக்காந்து பேசிக்கிட்டிருக்காங்க.

எனக்கு எங்க வகுப்புல சொன்னது ஞாபகம் வந்துட்டுது. ஒழுங்கா வச்சாலே பாதி நிர்வாகம் முடிஞ்சிருமாம். மூலையில யாரும் தொடாத ஒரு செருப்பு ஸ்டாண்டு வேற நின்னுது. அது எனக்காகவே நின்ன மாதிரி எனக்குத் தோணிச்சு.

முதல்ல ஒரு போட்டோ. ப்ராஜெக்ட்டுக்கு நாம எடுத்த போட்டோன்னு தெரிய நம்ம மூஞ்சியும் அதுல இருக்கணும்னு புரொபசர் சட்டம். சிரிச்சுக்கிட்டே ஒரு செல்ஃபி எடுத்தேன்.

அப்புறம் நாப்பது ஜோடியையும் எடுத்து அடுக்கினேன். ஆம்பளைங்க மேல, பொம்பளைங்க கீழ. அதுலயும் பெரிசு, சின்னது. அறுந்து போனதுக்குத் தனித் தட்டு. வராந்தா பளிச்சுன்னு ஆயிட்டுது. எனக்கே என்மேல மரியாதை வந்துட்டுது.

ஏழு மணி. செல்வி ஜன்னலைத் திறந்து, "மொத ஆளு வாங்க"ன்னா.

நாப்பது கை உள்ள போச்சு.

"நான்தான் மொத ஆளு!"ன்னு ஒரு அண்ணாச்சி. மில்லுல இருந்து ரிட்டையர் ஆனவராம், குரல் இன்னும் மிஷினை மிஞ்சிக் கேக்குது. "அஞ்சு மணிக்கே வந்து செருப்பப் போட்டாச்சு வே! எங்கன என் செருப்பு?"

அப்பத்தான் எனக்கு விளங்கிச்சு. முட்டிவலிக்காரங்க எவ்வளவு நேரம் நிப்பாங்க? அதனால செருப்பை நிக்க வச்சுட்டு அவங்க உக்காந்திருக்காங்க. நான் அடுக்கினது செருப்பை இல்ல. க்யூவை!

"எவ எடுத்தது?"

ஸ்டாண்டைப் பார்த்தாங்க. அப்புறம் என்னைப் பார்த்தாங்க.

"ஏட்டி, நான் நாங்குநேரியில இருந்து மொத பஸ்ஸப் புடிச்சு வந்திருக்கேன்"ன்னு ஒரு அக்கா இடுப்புல கையை வச்சா. "பச்சத்தண்ணி பல்லுல படல. எனக்கு ஆறாவது நம்பரு. என்னயக் கொண்டுபோய்க் கீழ்த்தட்டுல வச்சிருக்க?"

"போட்டோ இருக்குக்கா!"ன்னு கத்தினேன். "வரிசை அப்படியே இருக்கு, பாருங்க!"

நாப்பது பேரும் என் போன்மேல குனிஞ்சாங்க. கடைசி முப்பது ஜோடி தெளிவா இருந்துச்சு. முதல் பத்து இருந்த இடத்துல நான் பல்லைக் காட்டிக்கிட்டிருந்தேன்.

"கொஞ்சம் தள்ளி நின்னு எடுத்தா என்ன பிள்ள?"ன்னாரு அண்ணாச்சி. "ஒம் மூஞ்சிக்குப் பின்னாலதான் என் செருப்பு கெடக்கு."

"எனக்கும் அங்கனதான்!"

"நானும் மூஞ்சிக்குப் பின்னாலதான்!"

முதல் பத்துக்கு இருபத்தஞ்சு பேரு ஆயிட்டாங்க. செல்வி பயந்து ஜன்னலைப் பைய சாத்திட்டா.

சரியா அந்த நேரம் பார்த்து எதிர்த்த கடையில வடையைப் போட்டுட்டான். வாசம் நேரா வராந்தாவுக்குள்ள வந்துச்சு. அண்ணாச்சி ஒரு நிமிஷம் பொறுத்தாரு. ரெண்டு நிமிஷம் பொறுத்தாரு.

"போங்கவே, ஒங்க டெஸ்டும் நீங்களும்!"

ஸ்டாண்டுல செருப்பைத் தேடி மாட்டிக்கிட்டு நேரா கடைக்கு நடந்துட்டாரு. அவரு வடையைக் கடிக்கிறதை முப்பத்தொம்பது பேரும் பார்த்தாங்க. அதுக்கு மேல யாரால முடியும்? எட்டு மணிக்கு வராந்தா காலி, கடையில உக்கார இடமில்ல.

"சாப்பிட்டவங்களுக்கு இனிமே எடுக்க முடியாதுட்டி"ன்னா செல்வி. கையில நாப்பது காலிக் குழாய். எனக்கு அழுகை வந்துட்டுது. பசியோட வந்தவங்களைத் திருப்பி அனுப்பிட்டோமேங்கிறது ஒருபக்கம், மாமா மூஞ்சி ஒருபக்கம்.

எட்டரைக்குப் புரொபசர் வந்தாரு. வராந்தாவைப் பார்த்தாரு. ஸ்டாண்டைப் பார்த்தாரு.

"யாருமே காத்திருக்கலையா?"

"இப்ப யாரும் இல்ல சார்"ன்னா செல்வி. பொய்யும் இல்ல பாருங்க!

"வழக்கமா இந்நேரம் இங்க கால் வைக்க முடியாதேம்மா! என்ன செஞ்ச?"

"செருப்பை... அடுக்கி வச்சேன் சார்."

"இவ்வளவு எளிமையாவா?"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாத் திறந்தேன். அதுக்குள்ள அவரு கையெழுத்தைப் போட்டு, கீழ ஒரு வரியும் எழுதிட்டாரு: 'மிகச் சிறப்பு. இதே இடத்தில் மேலும் ஒரு மாதம் தொடர்ந்து நடத்தவும்.'

பாஸ்! சந்தோஷத்துல செல்வியைக் கட்டிப் பிடிச்சேன்.

அவ பைய என் கையை விலக்கிட்டுச் சொன்னா, சாப்பிட்ட நாப்பது பேரையும் நாளைக்கு வரச் சொல்லியிருக்காளாம், வெறும் வயித்தோட.