மூச்சை விட்டவரிடமிருந்து சம்பந்திக்கு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நான் நலமாக இருக்கிறேன். இது கடிதங்களில் மரியாதைக்காக எழுதப்படும் வாக்கியம்; படிப்பவரும் அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விடுவார். இம்முறை அப்படித் தாண்டிவிடாமல், தயவுசெய்து நின்று இன்னொரு தடவை படியுங்கள். நான் நலம். அதாவது, இருக்கிறேன். மாப்பிள்ளை நேரில் வந்து சொல்லியும், "அப்பா மனசு தாங்காதுன்னு மறைக்கிறான்" என்று நீங்கள் நம்பவில்லையாம். நானே போனில் பேசியபோது, எனக்கும் என் தம்பிக்கும் ஒரே குரல் என்பதால், "தம்பி, இனிமே நீங்கதான் தைரியமா இருந்து பாத்துக்கணும்" என்று என் சாவுக்கு என்னிடமே துக்கம் விசாரித்துவிட்டு வைத்துவிட்டீர்கள். கடைசியில், "அவர் கையெழுத்துல நாலு வரி காட்டு, நம்பறேன்" என்றீர்களாம். இது நாலு வரியில் அடங்குகிற சங்கதி இல்லை. ஆகவே முழுதாக எழுதுகிறேன். கையெழுத்து என்னுடையதுதான் என்பதற்கு, கமாக்கள் எல்லாம் அவற்றின் இடத்தில் இருப்பதே சாட்சி.

உங்களுக்குத் தெரியாதது இல்லை. அச்சகத்தில் ஊரார் எழுதியதையெல்லாம் குனிந்து குனிந்து பிழைதிருத்தியே காலம் தள்ளியவன் நான். ஓய்வு பெற்ற கையோடு என் முதுகும் ஓய்வு பெற்றுக்கொண்டது. அதுகூடப் பரவாயில்லை, செருப்பைக் காலால் துழாவி மாட்டிக்கொண்டு, கீழே விழுந்த சாவியை மனைவி வரும்வரை முறைத்துப் பார்த்துக்கொண்டு எப்படியோ ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் போனமுறை உங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது நடந்ததை என்னால் மறக்க முடியவில்லை. நம் பேத்தி, அவளாகவே, யாரும் சொல்லாமல், கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து தவழ்ந்து என்னிடம்தான் வந்தாள். என் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். இரண்டு கைகளையும் தூக்கினாள். நான் குனிந்தேன். பாதியில் முதுகு பிடித்துக்கொண்டு, குனியவும் முடியாமல் நிமிரவும் முடியாமல், "ஐயோ அம்மா" என்று அலறினேன். குழந்தை பயந்து வீறிட்டாள். நீங்கள் எங்கிருந்தோ வந்து, ஒரே வாரில் வாரி எடுத்து, அவளை மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தீர்கள். அவள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அதன்பிறகு கிளம்பும்வரை என்னைக் கண்டாலே உதட்டைப் பிதுக்கினாள். நானும் உங்களோடு சேர்ந்து சிரித்தேன். உள்ளுக்குள் வயிறு எரிந்தது. இதை ஒளிக்க என்ன இருக்கிறது, நீங்களும் ஒரு தாத்தாதானே.

அவள் இந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருகிறாள் என்றதும் முடிவு செய்துவிட்டேன்: இந்தத் தடவை நான் தூக்கவேண்டும். அந்தச் சமயம் பார்த்து, கடையில் இரும்புப் பெட்டியை நகர்த்தப்போய் உங்களுக்கும் இடுப்பு பிடித்துக்கொண்டதாகச் செய்தி வந்தது. மிகவும் வருந்தினேன் என்று எழுத நினைத்தேன்; பேனா நகர மறுக்கிறது. மாப்பிள்ளைதான், கைரோபிராக்டிக் என்று ஒரு வைத்தியம் இருக்கிறது, மருந்து கிடையாது, ஊசி கிடையாது, முதுகெலும்பின் மூட்டுகளைக் கையாலேயே அழுத்தித் தளர்த்துவார்கள், இரண்டு பேரும் போய்ப் பாருங்கள் என்றார். அதற்கு நீங்கள் போனில் சொன்ன வார்த்தைகள் நினைவிருக்கிறதா? "நீங்க முன்னாடி போங்க சம்பந்தி. எப்படி இருக்குன்னு சொல்லுங்க. நான் பின்னாடியே வந்துடறேன்." நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவனிடம் சொல்கிற வாக்கியமா இது?

என் மனைவிக்கு அந்த வைத்தியத்தின் பெயர் வாயில் நுழையவில்லை. விளக்கிச் சொன்னதும், "ஓ, நெட்டி முறிக்கிற டாக்டரா?" என்றாள். அதுவே நிலைத்துவிட்டது. நெட்டி டாக்டர் என்றால் தோளும் தொடையுமாக ஓர் ஆள் வருவார் என்று எதிர்பார்த்துப் போனேன். வந்தது நம் பெண் வயதில் ஓர் ஒல்லிப் பெண். இந்த உடம்பை இவள் எங்கே புரட்டப்போகிறாள் என்று எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, ஏமாற்றமாகவும் இருந்தது. நீங்கள் போகும்போது தெரிந்துகொள்ளுங்கள்: எடுத்த எடுப்பில் முறிக்கமாட்டார்கள். முதலில் கேள்வி. கால் மரத்துப் போகிறதா, காலில் பலம் குறைகிறதா, ஒன்றுக்கு இரண்டுக்குப் போவதில் சிரமம் உண்டா, காய்ச்சல் உண்டா, காரணமில்லாமல் எடை குறைந்ததா, எங்காவது விழுந்தீர்களா, எலும்பு தேய்ந்திருக்கிறது என்று யாராவது சொன்னார்களா? "இதுல ஏதாவது இருந்தா நான் கை வைக்கமாட்டேன் சார், ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவேன்" என்றாள். எனக்கு ஒன்றுமே இல்லை. பரீட்சையில் எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று எழுதித் தேறியது வாழ்க்கையில் அதுதான் முதல்தடவை.

அப்புறம் குனியச் சொன்னாள். விரல் முழங்காலோடு நின்றது. "இன்னும் கொஞ்சம்" என்றாள். "அவ்வளவுதான் சரக்கு" என்றேன். நிற்கவைத்து, நடக்கவைத்து, படுக்கவைத்து, காலைத் தூக்கி, முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தாள். கழுத்துப் பக்கம் கை போனதும் நான் பதறிவிட்டேன். "கழுத்து வேண்டாம்மா. வலிக்கிறது இடுப்பு. கழுத்து இத்தனை வருஷமா எனக்கு ஒரு துரோகமும் செஞ்சதில்ல" என்றேன். "உங்க கழுத்து சார், நீங்க வேண்டாம்னா வேண்டாம்" என்று உடனே கையை எடுத்துவிட்டாள். நீங்களும் பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடலாம், கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

இனிதான் விபரீதம். முகம் வைக்க ஓட்டை போட்ட ஒரு மேசையில் குப்புறப் படுக்கவைத்தாள். அந்த ஓட்டை வழியாகத் தரையும் அவளுடைய செருப்பு நுனியும் மட்டும்தான் தெரியும். அதற்குள் முகத்தைப் புதைத்துவிட்டால் பேசவும் வராது. உள்ளங்கையால் இடுப்பைச் சுற்றி நீவிவிட்டு, பிறகு ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல்காலை மடக்கி, தோள் ஒருபக்கமும் இடுப்பு ஒருபக்கமுமாக என்னைப் பிழியத் தயாரானாள். எனக்கோ உடம்பெல்லாம் கட்டையாகிவிட்டது. பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பல்லைக் கடித்ததில் ஒரு சத்தம்கூட என் வாயிலிருந்து வரவில்லை. அப்போது அந்தப் பெண், எனக்குத் தைரியம் சொல்வதற்காக, குரலைத் தாழ்த்தி, இரக்கத்தோடு பேச ஆரம்பித்தாள்.

உள்ளே நடந்தது அவ்வளவே. ஆனால் அந்த அறைக்கும் வெளியே நாற்காலிகள் போட்டிருந்த இடத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய பலகைத் தடுப்பு. அந்தத் தடுப்பில் காதை வைத்துக்கொண்டு என் மனைவி. அவள் கேட்டது இது:

"பயப்படாதீங்க. எதையும் பிடிச்சு வெச்சுக்காதீங்க. போதும், எல்லாத்தையும் விட்டுடுங்க... மூச்ச விட்டுடுங்க... ம், அப்படித்தான்... மெதுவா விட்டுடுங்க..."

அதன்பிறகு, 'மடக்' என்று ஒரு சத்தம்.

அதன்பிறகு அந்தப் பெண்ணின் குரல்: "விட்டாச்சு. அவ்ளோதான். முடிஞ்சுபோச்சு. இனிமே வலியே இல்ல."

சம்பந்தி, நான் வாழ்நாளெல்லாம் பிழைதிருத்தியவன். 'வெளியே' என்ற ஒரு சொல் விடுபட்டால் ஒரு மனிதன் உலகத்தைவிட்டே விடுபட்டுவிடுவான் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. 'மூச்சை வெளியே விடுங்கள்' என்று அந்தப் பெண் சொல்லியிருந்தால் நீங்கள் அன்று மத்தியானம் கடையைப் பூட்டியிருக்கமாட்டீர்கள்.

சரி, என் மனைவியாவது கதவைத் திறந்து பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். கதவு அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதற்குமுன் உங்களுக்குப் போன் செய்திருக்கிறாள். "ஏன்டி, நான் செத்தேனா இல்லையான்னு பாக்கறதுக்கு முந்தி அவருக்கு எதுக்குடி போனு?" என்றால், "நல்லா இருக்கே நியாயம்! சம்பந்திக்கு முதல்ல சொல்லலேன்னா அவங்க மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கமாட்டாங்களா? நம்ம பொண்ணு வாழற வீடுங்க" என்கிறாள். அப்படிப்பட்ட மரியாதை உங்களுக்கு. நான் மேசையிலிருந்து இறங்கி, மாதக்கணக்கில் பார்க்காத உயரத்துக்கு நிமிர்ந்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு சிரித்தபடி வெளியே வந்தால், என் மனைவி என்னைப் பார்த்து வீலென்று அலறிவிட்டு, "எழுந்திரிச்சுட்டாரு" என்று நாற்காலியில் சரிந்தாள். காத்திருந்த நோயாளிகளில் சிலர் அப்போதே எழுந்து போய்விட்டார்கள். நெட்டி டாக்டர் அவளுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு, "அம்மாவுக்கு முதுகுல ஒண்ணும் வலி இல்லையே?" என்று கேட்டாள். நல்ல பெண்.

அதற்குள் நீங்கள் எல்லாருக்கும் சொல்லிவிட்டீர்கள். மாப்பிள்ளையை ஆபீசிலிருந்து வரவழைத்துவிட்டீர்கள். இடுப்பு பிடித்திருந்ததால் நீங்கள் மட்டும்தான் வண்டி ஏறவில்லை. போகட்டும். கடை வாசலில் நின்று நாலு பேரிடம், "தங்கமான மனுஷன். என்ன, கொஞ்சம் முசுடு" என்றீர்களாமே? செத்த பிறகுதான் ஊர் உண்மையைப் பேசும்; அது எனக்கு முன்கூட்டியே கிடைத்தது. தங்கமான மனுஷன் என்றதை ஏற்றுக்கொள்கிறேன். மற்றதை நேரில் பேசிக்கொள்வோம்.

நீங்கள் கேட்ட விவரத்துக்கு வருகிறேன். அந்த 'மடக்' எலும்பு முறிகிற சத்தம் இல்லையாம்; மூட்டுக்குள் இருக்கும் நீரில் காற்றுக் குமிழி உண்டாவதாம். சத்தம் வந்தால்தான் குணம் என்றும் இல்லையாம். வலி அங்கேயே பாதி குறைந்த மாதிரி இருந்தது. மறுநாள் உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் வலித்தது. அது வரும், ஓரிரு நாளில் போய்விடும் என்று முன்பே சொல்லியிருந்தாள், அப்படியே போனது. "நான் மந்திரவாதி இல்ல சார். சில தடவ வாங்க, நடங்க, சொல்ற பயிற்சியச் செய்யுங்க. அப்புறமும் சரியாகலேன்னா என்னையே கட்டிக்கிட்டு அழாதீங்க, வேற வழி பாப்போம்" என்றாள். தூக்குவதற்கும் ஒரு முறை சொல்லிக்கொடுத்தாள்: இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, தூக்கவேண்டியதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, காலின் பலத்தில் எழுந்திருக்க வேண்டும். அதைத் தலையணையை வைத்துக் கூடத்தில் பழகினேன். எழுந்ததும் பேத்தி நினைப்பில் அதற்கு ஒரு முத்தமும் கொடுத்துவிட்டேன். எதிர்வீட்டு ஜன்னலில் ஓர் ஆசிரியை நின்றிருந்தார். அன்றிலிருந்து அந்த ஜன்னல் திறப்பதில்லை.

ஆகவே சம்பந்தி, பயப்படாமல் போய் வாருங்கள். சம்பந்தியம்மாவைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்; போனாலும் போனை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, இனிமேலும் ஆகாது. இதோடு இந்தச் சாவு விவகாரம் முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு என் ஆசி. ஆசி உயிரோடு இருக்கும் ஒருவரிடமிருந்து வருகிறது என்பதையும் சொல்லிக் கொடுக்கவும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பில் என்றும் இருக்கும், இப்போதும் இருக்கும்,
சம்பந்தி.

பின்குறிப்பு: இதை உறையில் போடுவதற்குள் எல்லாரும் வந்து இறங்கிவிட்டார்கள். பேத்தி தவழ்ந்து வந்தாள். என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். பிறகு என்ன நினைத்தாளோ, கையைத் தூக்கினாள். முழங்காலை மடக்கி உட்கார்ந்தேன். நெஞ்சோடு அணைத்தேன். எழுந்தேன், சம்பந்தி! ஒரு முனகல்கூட இல்லாமல் எழுந்தேன். என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவள் சிரித்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என் மனைவி ஓவென்று அழுதேவிட்டாள். அழுத கையோடு, சம்பந்திக்கு முதலில் சொல்லவேண்டும் என்று உங்களுக்குப் போன் போட்டு, "தூக்கியாச்சு சம்பந்தி! ஒரு குறையும் இல்லாம நல்லபடியா தூக்கியாச்சு! பொண்ணு, மாப்பிள்ளை எல்லாரும் பக்கத்துலயே இருந்தோம். நீங்கதான் கடைசிவரைக்கும் வரல" என்று விம்மினாள். அத்தோடு போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. இப்போது நீங்கள் யார் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. வண்டி பேசப் போயிருப்பதாக உங்கள் பக்கத்துக் கடைக்காரர் சொல்கிறார். மாப்பிள்ளை இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து உங்கள் போனுக்கு அனுப்புகிறார். மாலையை வாங்குவதற்குமுன் தயவுசெய்து படியுங்கள். அந்த வாக்கியத்தில் செயப்படுபொருள் பேத்தி. எழுவாய் நான்.