மக்பூல் பாய் வண்டி பார்க்கிறார்

"காலி வண்டி எந்தச் சேத்துலயும் போவும் பாய். அது இன்னா பெரிய விஷயம்?" என்றான் சாலமன்.

மக்பூல் பாய் பேனாவை மூடினார். தோணிரேவுக் கரையிலிருந்து நண்டு இறங்கும் துறை வரை ஒன்றரைக் கிலோமீட்டர் ஏரிச் சேறு. மேலே காய்ந்த தரை மாதிரிதான் இருக்கும், காலை வைத்தால் முழங்கால் வரை இறங்கும். அதில், ஓட்டிப் பார்க்க ஷோரூம் அனுப்பிய வெள்ளை லோடு வண்டி இப்போதுதான் போய்த் திரும்பியிருந்தது. பாயும் நோட்டில் 'வெள்ளை' என்று எழுதிவிட்டார், அடிக்கோடு போடுவதுதான் பாக்கி.

சாலமன் படகு எஞ்சின் மெக்கானிக். அவன் பேச்சைத் தட்ட பாய்க்குத் துணிச்சல் கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் யாரையும் கேட்காமல் ஒரு சின்ன லோடு வண்டி வாங்கி, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, நேரே இந்தச் சேற்றில்தான் இறக்கினார். வெளியே எடுக்க நாலு நாள் ஆயிற்று. அன்றிலிருந்து பழவேற்காட்டில் "எந்த மக்பூல்?" என்று கேட்டால், "சேத்துல வண்டி நட்டாரே, அந்த மக்பூல்" என்பதுதான் பதில்.

இந்த முறை தப்பு நடக்கக் கூடாது. காரணம் இருந்தது. சென்னையில் உயிர் நண்டு ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்று, முப்பதாம் தேதி மாலை நாலு மணிக்குள் புது வண்டி புக் செய்த ரசீதோடு பொன்னேரிக்கு வந்தால் ஒப்பந்தம் உங்களுக்கு, இல்லாவிட்டால் செங்கல்வராயனுக்கு என்று கறாராகச் சொல்லியிருந்தது. பாயைப் போலச் செங்கல்வராயனும் நண்டு வியாபாரிதான். விஷயம் அவன் காதுக்குப் போய்விடக் கூடாது என்று பாய் இந்தக் கெடுவை யாரிடமும் சொல்லவில்லை. மனைவி பரக்கத் பீவியிடம்கூடச் சொல்லவில்லை.

ஊருக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. இருபத்தொன்றாம் தேதி டீக்கடையில் இரண்டு ஷோரூம்காரர்களும் வந்து உட்கார்ந்து, போட்டி போட்டுக்கொண்டு சத்தியம் செய்தார்கள்.

"சார், முப்பத்தொண்ணு வரைக்கும் எத்தன தடவ வேணும்னாலும் ஓட்டிப் பாருங்க" என்றான் வெள்ளை வண்டி ஆல்வின்.

"நாங்களும்தான் சார். தினமும் வேணும்னாலும் வரேன்" என்றான் சிவப்பு வண்டி சரவணன்.

கடையில் இருந்த அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள். அவர்கள் கேட்டதை பாய் கவனிக்கவில்லை.

"சரி, லோடுக்கு எங்க போறது?" என்று இப்போது சாலமனைக் கேட்டார்.

"எலிசபெத் அக்கா வூடு கட்டுதில்ல? நாப்பது மூட்ட சிமெண்ட்டு ரோட்டாண்டயே கீது. பாதி வெள்ளைல ஏத்து, பாதி சிவப்புல ஏத்து. அப்பத்தான் நியாயம்."

நியாயமாகத்தான் பட்டது. வெள்ளை இருபது மூட்டையைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. சிவப்பும் இருபது மூட்டையைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. எலிசபெத் அக்கா இரண்டு டிரைவருக்கும் மோர் கொடுத்தாள். பாய் நோட்டில் 'இரண்டும் சமம்' என்று எழுதினார்.

மறுநாள் காலை வழக்கம்போலத் துறைக்குப் போனவுடன், "இன்னைக்கு யாரு பாடு?" என்று கேட்டார். அந்த ஏரியில் அப்படித்தான். நல்ல இடத்தில் எந்த நாளில் யார் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்துவிடுவார்கள். அதற்குப் பேர் பாடு. ஒருவர் பாட்டில் இன்னொருவர் கை வைக்க மாட்டார். யார் பாடு என்று தெரிந்தால்தான் பாய் யாரிடம் நண்டு கேட்பது என்று தெரியும்.

"இன்னைக்கு நம்ம பாடு பாய்!" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான் பச்சைமுத்து.

ஆனால் அவன் வலை காய்ந்து கிடந்தது. பாய் அதைக் கேட்பதற்குள் பச்சைமுத்து பேச்சை மாற்றிவிட்டான்.

"சேத்துல போறது வேற, நம்பிக்கையா ஓடறது வேற பாய். பொன்னேரி வரைக்கும் ஒரே மூச்சுல போய்ட்டு வந்தாத்தான் எஞ்சின் குணம் தெரியும். வெயிட்டுக்கு எங்க சின்ன மச்சான் கல்யாண அண்டா, குண்டான் எல்லாம் கீது, ஏத்திக்க."

போகும்போது சிவப்பு, வரும்போது வெள்ளை. இரண்டும் இருமவில்லை, முனகவில்லை. அண்டாக்கள் மட்டும் வழியெல்லாம் கலகலத்தன. பாய் நோட்டில் மறுபடி 'சமம்' என்று எழுதினார்.

இப்படியே நாள் ஓடியது. ஒருவர் வண்டியின் வயிறு தரையிலிருந்து எத்தனை சாண் என்று அளக்கச் சொன்னார், அளந்துவிட்டு மரக்கட்டை ஏற்றினார். இன்னொருவர் மேட்டில் ஏற்றிப் பார்க்கச் சொன்னார். மேடு இருந்தது அவர் கொல்லைப்பக்கம், ஏற்றியது அவர் வீட்டுச் செங்கல். யார் என்ன சொன்னாலும் பாய்க்கு அது சரியென்றே பட்டது.

பரக்கத் பீவியே ஒருநாள் சோறு போட்டபடி கேட்டாள்.

"ஏங்க, மணல்ல ஓட்டிப் பாத்தீங்களா?"

"சேத்துல ஓட்டியாச்சே."

"சேறு வேற, மணல் வேறங்க. சேறு வழுக்கும், மணல் உள்ள இழுக்கும். எங்க அக்கா மர்யம் கடலோரத்துப் பக்கம் வூடு மாறுதே, அங்க பூராவும் மணல்தான். வெயிட்டுக்கு பீரோ, கட்டிலு, கிரைண்டர் எல்லாம் இருக்கு."

இருபது வருஷம் கூடக் குடித்தனம் செய்தும் இவளுக்கு வண்டி பற்றி இவ்வளவு தெரியும் என்று தெரியாமல் போயிற்றே என்று பாய்க்கு ஆச்சரியம். பீரோ வெள்ளையில் போயிற்று. விஷயம் தெரிந்து சரவணன் அழாத குறையாக வந்து நின்றான்.

"சார், மணல்ல அவன் வண்டி மட்டும் போயிருக்காம். எங்க மேனேஜர் என்னைய உரிச்சுடுவாரு சார்."

கட்டிலும் கிரைண்டரும் சிவப்பில் போயின. சமம்.

யோசனை சொல்லாத ஆள் ஊரில் ஒருத்திதான் இருந்தாள். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் கருவாடு விற்கும் அங்காளம்மாள். தினமும் ஒரே கேள்விதான் கேட்பாள்.

"பாய், இன்னும் முடிவு பண்ணலியே?"

"இல்லம்மா."

"நிதானமாப் பண்ணு பாய். அவசரமே இல்ல" என்று திருப்தியாகத் தலையாட்டிவிட்டுக் கருவாட்டுக் கூடையை மூடுவாள். தன் மேல் பாரம் ஏற்றாத ஒரே ஜீவன் இவள்தான் என்று பாய் நெகிழ்ந்து போனார்.

இருபத்தொன்பதாம் தேதி விவகாரம் முற்றியது. அன்றைக்குக் காலையில் முகத்துவாரம் வழியாகக் கடல் தண்ணீர் ஏரிக்குள் ஏறியிருந்ததை யாரும் பார்க்கவில்லை. ஐஸ் பெட்டியும் வலைக்கட்டும் நிறைய ஏற்றிக்கொண்டு போன வெள்ளை, பாதி வழியில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. இழுக்கப் போன சிவப்பு, பத்தடி தள்ளி அதுவும் உட்கார்ந்துவிட்டது. ஆல்வினும் சரவணனும் வண்டிக் கூரை மேல் ஏறி எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கரையிலிருந்து பாய் பார்த்தார். மறுபடியும் சேறு, மறுபடியும் வண்டி, அதுவும் இரண்டு!

ஆனால் ஊரே ஓடிவந்தது. படகு இழுக்கும் வடத்தைக் கட்டி, ஆணும் பெண்ணுமாக நாற்பது பேர் இடுப்பளவு சேற்றில் இறங்கி இழுத்தார்கள். எல்லோருக்கும் முன்னால் நின்று இழுத்தவள் அங்காளம்மாள்.

"இழு! பாத்து இழு! வண்டிக்கு ஒண்ணும் ஆவக் கூடாது!" என்று கத்தினான் சாலமன்.

"ஆமா, இன்னும் ரெண்டு நாளு கீதே!" என்றான் பச்சைமுத்து.

"எதுக்கு ரெண்டு நாளு?" என்றார் பாய்.

பச்சைமுத்து வடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான். "நீ... ஓட்டிப் பாக்கணுமே பாய். மாசம் முடிய இன்னும் ரெண்டு நாளு கீதில்ல?"

தன் மேல் ஊருக்கு இவ்வளவு பாசமா என்று பாய் உருகிப் போனார். இரண்டு வண்டியும் ஒரே நேரத்தில் கரையேறின. இதிலும் சமம்.

முப்பதாம் தேதி மதியம் இரண்டு மணி. நோட்டு நிரம்பிவிட்டது. அட்டையில்கூட எழுதியாயிற்று. முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே வார்த்தைதான்.

"இன்னும் ஒரே ஒரு தடவ ஓட்டிப் பாத்துடுங்களேன்" என்றாள் பரக்கத் பீவி.

பாய் எழுந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் பேச்சைக் காதில் வாங்காமல் வாசலுக்கு வந்தார். சேற்றிலிருந்து வந்த பிறகு சிவப்பு ஒரே சாவித் திருகலில் கிளம்பியது, வெள்ளைக்கு இரண்டு திருகல் ஆயிற்று. அது போதும். போனை எடுத்தார்.

"சரவணா, வண்டிய எடுத்துட்டு வா."

"வரேன் சார். இன்னைக்கு எந்த வூட்டு லோடு சார்?"

"லோடு இல்லப்பா. ரசீது புக்க எடுத்துட்டு வா."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பாய் பொன்னேரியில் கம்பெனிக்காரர் முன்னால் ரசீதை வைத்தார். வெளியே, கம்பெனி நாலு மணிக்கு வரச் சொல்லியிருந்த செங்கல்வராயன், கம்பெனிக்காரருக்கு வாங்கிய இளநீரோடு நின்றிருந்தான். பாய் வெளியே வந்ததும் அதைப் பேசாமல் தானே குடித்தான்.

ஆறு மணிக்கு இரண்டு கிலோ ஜிலேபியோடு தோணிரேவு டீக்கடையில் இறங்கினார் பாய்.

"வாங்கியாச்சு! சிவப்பு! நண்டுக் கம்பெனி கான்ட்ராக்டும் நமக்குத்தான்!"

ஒருவரும் ஜிலேபிக்குக் கை நீட்டவில்லை.

"ரசீதே போட்டாச்சா?" என்றான் சாலமன், துக்கம் விசாரிக்கிற குரலில்.

"போட்டாச்சு."

"இனிமே வெள்ள வண்டியும் வராது" என்று பச்சைமுத்து தரையைப் பார்த்துச் சொன்னான்.

பாய் ஜிலேபிப் பொட்டலத்தை மூடினார். நேற்று இடுப்பளவு சேற்றில் நின்று இழுத்த ஜனமா இது? பத்து நாள் கூடவே அலைந்துவிட்டு, நல்ல சேதி சொன்னால் இப்படி மூஞ்சியைத் தொங்கப் போட்டால் என்ன அர்த்தம்? வீட்டுக்கு வந்தார். பரக்கத் பீவி ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னைக்கேவா வாங்கிட்டீங்க?" என்றாள். அவள் கண் வாசல் பக்கமே போய்ப் போய் வந்தது.

வாசலில் தலையிலடித்துக்கொண்டு அங்காளம்மாள் வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் நடுத்தெருவில், கும்மிடிப்பூண்டியில் தனிக்குடித்தனம் போகிற அவள் மகளுடைய கட்டில், பீரோ, தையல் மிஷின், கயிறு போட்டுக் கட்டிய பாத்திர மூட்டை எல்லாம் வரிசையாக நின்றன.

"இன்னாம்மா ஆச்சு?" என்று பதறினார் பாய். "நீ ஒருத்திதானே என்னைய அவசரப்படுத்தாம இருந்தே!"

அங்காளம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"இன்னும் ஒரே ஒரு நாளு பொறுக்கக் கூடாதா பாய்? பத்து நாளுக்குப் பத்து வூடுன்னு உன் வண்டிங்களுக்குப் பாடு பிரிச்சதுல எனக்குத்தான் முப்பத்தொண்ணாந்தேதி வுழுந்துச்சு, சீட்டக் குலுக்கி எடுத்ததே உன் வூட்டம்மா கைதானே!"