முதல் பேஸில் என் மாமனார்

தனக்குக் கீழே ஒரு ஆள்கூட வேலை பார்க்காதவனுக்குத்தான் நிர்வாக ஆசை அளவுக்கு மீறி வரும். எனக்கு வந்தது. திண்டுக்கல்லில் ஒரு சின்ன அலுவலகத்தில் பகலெல்லாம் பில் தட்டிக்கொண்டிருந்த நான், வீட்டுக்கு வந்ததும் ஒரு பேஸ்பால் அணிக்கு மேனேஜர்.

நிஜ பேஸ்பால் இல்லை. (அந்த மட்டையை நான் தொட்டதே இல்லை. தொட்டிருந்தால் காலில் போட்டுக்கொண்டிருப்பேன்.) லேப்டாப் விளையாட்டு. அடிப்பதும் பிடிப்பதும் கம்ப்யூட்டரின் பாடு. யாரை எங்கே நிறுத்துவது, யாரை எப்போது மாற்றுவது என்று உத்தரவு போடுவது மட்டும் என் வேலை.

வீரர்களுக்கு நம் இஷ்டப்படி பெயரும் திறமையும் கொடுக்கலாம். வெள்ளைக்காரப் பெயர்கள் வாயில் நுழையாததால், என் மனைவி கவிதாவின் சொந்தக்காரர்களை மொத்தமாக அணியில் சேர்த்தேன். வத்தலக்குண்டில் இரும்புக்கடை வைத்திருக்கும் என் மாமனார் பெருமாள்சாமிதான் பெரிய அடிகாரர். ஆள் ஆறடி, எடையும் அதற்கேற்ப. ஆகவே அதிகம் ஓட வேண்டாத முதல் பேஸ் என்ற காவல் இடத்தில் நிறுத்தினேன். அவருடைய ஒல்லித் தம்பி ராசு மாற்று ஆளாகப் பெஞ்சில்.

எதிரணி அடிக்கும் பந்தைத் தடுக்க இணையத்தில் பொறுக்கிய யோசனைகளையும் ஒரு தாளில் எழுதிவைத்தேன். அதில் ஒன்று இது: "பெருமாள்சாமி. அடி பிரமாதம். ஓட்டம் சைபர். குனிந்து எதையும் எடுக்க மாட்டார். முக்கியமான கட்டத்தில் இவரை வெளியே உட்காரவைத்துவிட்டு ராசுவை இறக்கவும்."

இதை எழுதியபோது எனக்கு என் மேலேயே மரியாதை வந்தது.

அந்தச் சமயத்தில்தான் கவிதாவின் தங்கை தேவியைப் பெண் பார்க்க ஒட்டன்சத்திரத்திலிருந்து வத்தலக்குண்டு வீட்டுக்கு வந்தார்கள். நாங்களும் போயிருந்தோம். ஏற்கெனவே மூன்று வரன் தட்டிப்போயிருந்ததால், இதாவது அமைய வேண்டுமே என்று வீடே தவித்துக்கொண்டிருந்தது. அன்று காலையில் மாமியார் பூ, பழம், பலகாரம் என்று சொல்லச் சொல்ல, லேப்டாப் பையில் கைக்கு அகப்பட்ட தாளின் வெற்றுப் பக்கத்தில் எழுதி மாமனாரிடம் கொடுத்தனுப்பினேன். அது எந்தத் தாள் என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். நான் ஊகிக்கவில்லை.

மாமனார் திரும்பி வந்தார். பைகளை வாசலில் வைத்தார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிப்போய்த் தெருவுக்கு எதிர்ப்பக்கம், டிரான்ஸ்பார்மர் ஓரமாகப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

கவிதா ஓடினாள். "என்னப்பா இது? அவுக பஸ் ஸ்டாண்ட தாண்டிட்டாகளாம். உள்ள வாங்க."

"நான் எதுக்கு? என்னய வெளிய உக்கார வைக்கணும்னு ஒம் வீட்டுக்காரரு எழுதியே குடுத்துட்டாரு. ராசுவ எறக்குங்க."

தாளைப் படித்துவிட்டு கவிதா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதுவதற்கில்லை.

"மாமா, அது கம்ப்யூட்டர் கேம் மாமா..."

"குனிய மாட்டேனாம்ல? இந்த வீட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினப்ப யாரு குனிஞ்சா மாப்ள?"

அதற்குள் கார் வந்துவிட்டது. இறங்கிய மாப்பிள்ளையின் அப்பா நேராகத் தெருவைத் தாண்டிப் பார்த்தார். "ஏனுங்க, பொண்ணோட அப்பா ஏன் ரோட்டுல உக்காந்திருக்காருங்க?"

ஜன்னலில் தேவியின் முகம் தெரிந்தது. அழுகை முட்டிக்கொண்டு நின்றது. ஒரு பெண்ணின் கல்யாணத்தை ஒரு தாளில் கெடுத்துவிட்டோமே என்று எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. பதறினால் எனக்குப் புத்தி வேலை செய்யாது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டி ஓடினேன்.

"மாமா, ஒங்கள எம்புட்டு ஒசத்தியா வச்சிருக்கேன்னு செத்த பாருங்க!"

பாதியில் நின்றிருந்த ஆட்டத்தை ஓட்டினேன். மாப்பிள்ளை வீட்டாரும் வந்து குனிந்து பார்த்தார்கள். திரையில் பெருமாள்சாமி ஓங்கி அடித்தார். பந்து வேலிக்கு வெளியே போனது. எங்கள் அணி ஒரு ரன் முன்னிலை.

"இது நானா?" மாமனாரின் மீசை லேசாக அசைந்தது.

அங்கேயே மூடியிருக்கலாம். அடுத்து எதிரணி அடிக்கும் கடைசி இன்னிங்ஸையும் ஓடவிட்டேன். கடைசி நேரத்து ஆள்மாற்றத்தை முன்கூட்டியே போட்டுவைத்திருந்தது அப்போது நினைவில் இல்லை. என் உத்தரவுக்கு இந்த உலகத்தில் கீழ்ப்படிந்த ஒரே ஜீவன் அந்தக் கம்ப்யூட்டர்தான். பெருமாள்சாமி வெளியே, ராசு உள்ளே என்று கொட்டை எழுத்தில் வந்தது.

எதிரணிக்காரன் அடித்த பந்து நேராக ராசுவிடம் வந்தது. கையில் பட்டு, காலுக்கடியில் நழுவிப் போனது. அவர்களில் இரண்டு பேர் ஓடி முடித்து இரண்டு ரன் எடுத்தார்கள். தோற்றுப்போனோம்.

"அண்ணே, சத்தியமா நான் ஒண்ணும் பண்ணலண்ணே!" என்று கூட்டத்தில் நின்ற நிஜ ராசு அலறினார்.

மாமனார் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். முகமெல்லாம் வெளிச்சம். "பாத்தீகளா? நான் வெளிய இருந்தா என்ன ஆவுதுன்னு!"

"நீங்க நின்னிருந்தா புடிச்சிருப்பீங்க" என்றார் மாப்பிள்ளையின் அப்பா, உண்மையான வருத்தத்தோடு.

மாமனார் அவர் கையைப் பிடித்து வீட்டுக்குள் அழைத்துப்போனார். அன்றைக்கே கல்யாணம் நிச்சயமானது. நானும் லேப்டாப்பும் மட்டும் டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நின்றோம்.

கல்யாணத்தன்று யார் எங்கே நிற்பது என்று மாமனாரே முடிவு செய்தார். என்னைக் கார் நிறுத்தும் இடத்தில் விசிலோடு நிறுத்தினார். தாலி கட்டும்போதும் வேன் ஒன்றுக்குப் பின்னால் நின்று கையாட்டிக்கொண்டிருந்தேன். விளைவு, ஒட்டன்சத்திரத்துச் சொந்தங்களுக்கு என்னை அந்தக் கோலத்தில்தான் தெரியும். இன்றைக்கும் எந்த விசேஷத்துக்குப் போனாலும் காரிலிருந்து இறங்கியதும் "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே சாவியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போகிறார்கள். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது; கவிதாவுக்குத் தெரியும். சாவியை வாங்கிக்கொண்டு அவளைத் தேடிப் போகிறேன்.